இருநூற்றுப் பதினேழு வாக்குகளும் ஓர் அடையாள அட்டையும்

போர் முடிந்த பிறகு வந்த முதல் ஜனாதிபதித் தேர்தலில் என் மகள் இருநூற்றுப் பதினேழு வாக்குகள் போட்டாள். நான் பதினொன்று போட்டேன். இருவரும் மட்டக்களப்புப் புளியந்தீவில், காசு கொடுத்து இணையம் பார்க்கிற ஒரு நெற் கபேயில் இருந்துதான் இதைச் செய்தோம், ஒருவருக்கொருவர் தெரியாமல். அவளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் அந்த மாதம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது வீட்டில் எல்லோரும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். சிரித்து முடிந்ததும் மகள் எங்கே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு, கம்பஸில் படிக்க இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று காத்திருந்தாள். முதன்முதலாக அந்த வருடம்தான் வாக்காளர் பட்டியலில் அவளுடைய பெயர் வந்திருந்தது. அதை அவள் அப்பாவிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள்.

என் அண்ணன் சுவிஸில் இருக்கிறார். வெளிநாட்டில் ஓர் அண்ணன் இருக்கிற வீட்டில் எந்த முடிவும் உள்ளூரில் எடுக்கப்படுவதில்லை. சுவருக்கு என்ன நிறம், பிள்ளை என்ன பாடம் படிப்பது, வாசலில் வந்து படுக்கிற நாயை வளர்ப்பதா துரத்துவதா, எல்லாம் ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் வந்து சேரும். தேர்தல் அறிவித்ததும் அண்ணனுக்கு ஞாயிறு போதவில்லை. தினமும் எடுக்கத் தொடங்கினார்.

“தங்கச்சி, நீங்க எல்லாரும் ஆருக்குப் போடுறதா முடிவெடுத்திருக்கிறீங்க?”

“அண்ணன், அதுக்கு இன்னும் ஒரு மாசம் கிடக்கு.”

“அதுதான் பயம். அந்த ஒரு மாசத்துக்குள்ள உங்கட மனச மாத்திப்போடுவாங்க.”

“ஆரு?”

“வெளியில இருக்கிற ஆக்கள்தான்.”

இதை அவர் சூரிச்சில் ஒரு ரயில் நிலையத்தில் நின்று சொன்னார். பின்னால் ரயில் அறிவிப்புக் கேட்டது.

ஒரு பின்னேரம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது மகள் முன்னறையில் மெல்லிய குரலில் பேசுவது கேட்டது.

“மாமா, இண்டைக்கு நாப்பத்திமூண்டு வோட்டுப் போட்டுட்டன். எல்லாமாச் சேத்துத் தொண்ணூறு வந்திட்டு. நாளைக்கு எட்டுக் கம்பியூட்டரும் சும்மா கிடந்தாக் கூடப் போடலாம்.”

நான் வெங்காயத்தை வைத்துவிட்டேன். அடுத்த நாள் அவள் பின்னால் நெற் கபேக்குப் போய், பக்கத்துக் கடையில் அப்பியாசக் கொப்பி வாங்குகிறவள் போல நின்று கண்ணாடிக்குள்ளால் எட்டிப் பார்த்தேன். திரையில் போட்டியிடுகிறவர்களில் முக்கியமான இரண்டு பேருடைய படமும் இருந்தது. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு பொத்தான். பக்கத்தில் சதவீதம், அதுவும் தசம புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம். அதற்கும் கீழே எந்த ஊரிலிருந்து யாருக்கு எத்தனை என்று ஒரு பட்டியல். மகள் அமத்தினாள். இலக்கம் அசைந்தது. எதையோ அழித்தாள், மறுபடியும் திறந்தாள், அமத்தினாள். இலக்கம் மறுபடியும் அசைந்தது. என் பிள்ளை ஒரு நாட்டின் முடிவை விரல் நுனியால் தள்ளிக்கொண்டிருப்பதை நான் என் கண்ணால் கண்டேன்.

அது வெளிநாட்டிலிருந்து யாரோ நடத்துகிற ஒரு தமிழ் இணையத்தளம். ‘யார் வெல்வார்’ என்று பொழுதுபோக்குக்காகக் கருத்துக் கேட்டிருந்தார்கள். அவ்வளவுதான். ஆனால் எனக்கு அது தேர்தலாகத்தான் தெரிந்தது.

கணக்குப் படிப்பிக்கிற ஒருத்திக்கு இவ்வளவு மடத்தனம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கடலில் இருந்து வந்தது.

சுனாமிக்கு முதல் நாங்கள் கல்லடியில் கடற்கரைப் பக்கம் இருந்தோம். அலை வந்த அன்று மகளை ஆறு மணி நேரம் காணவில்லை. கடைசியில் வாவிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில், யாருடையதோ பெரிய சேர்ட்டைப் போட்டுக்கொண்டு பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் அடுத்த அறையில் இருக்கும்போதுகூட அடுத்த அறையில்தான் இருக்கிறாள் என்று நான் முழுதாக நம்புவதில்லை. வீடு போய்விட்டது. நாங்கள் முகாமுக்குப் போனோம்.

முகாமுக்கு ஒரு வெளிநாட்டு நிறுவனம் லெப்டொப்போடு வந்து எல்லோரையும் பதிந்தது. கிராம சேவகரிடம் ஏற்கெனவே ஒரு காகிதக் கோப்பு இருந்தது. அதில் என் கணவர் நில அளவை அலுவலகத்தில் கிளாக் என்று சரியாக எழுதியிருந்தது. லெப்டொப்பில் யாரோ அவரை மீனவர் என்று போட்டுவிட்டார்கள். கொஞ்ச நாளில் ஒரு தோணி வந்தது. என் கணவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கவே பயப்படுகிற மனிதர். அவர் காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினார். அங்கிருந்த பெண் காகிதத்தை அன்போடு பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். ‘இதில் அப்படி இல்லையே’ என்று மிகவும் கவலையோடு சொன்னார். தோணிக்குப் பிறகு வலை வந்தது. வலைக்குப் பிறகு மூன்று நாள் கருவாட்டுப் பயிற்சியும் சான்றிதழும் வந்தன. எங்களுக்கு இரண்டு கூடாரம் தள்ளி இருந்த உண்மையான மீனவருக்கு லெப்டொப் ஒரு மேசையும் கல்குலேட்டரும் கொடுத்தது. இரண்டு பேரும் ஆளுக்காள் மாற்றிக்கொண்டார்கள். சான்றிதழை மட்டும் மாற்ற முடியவில்லை. இன்றைக்கும் அரசாங்கப் பட்டியல் இல்லாத ஏதோ ஒரு பட்டியலில் என் கணவர் கடலுக்குப் போய்வந்துகொண்டிருக்கிறார்.

அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. காகிதமும் கம்பியூட்டரும் முட்டிக்கொண்டால் கம்பியூட்டர் சொல்வதுதான் நடக்கும்.

இது போதாதென்று, தேர்தல் கடமைக்கு என்னையும் போட்டிருந்தார்கள். ஆசிரியர்களுக்கு இது வழக்கம். பயிற்சி வகுப்பில் பாடம் எடுத்தவர் முடிவில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “இந்த முறை வெளிநாட்டுச் சக்திகள் கம்பியூட்டருக்குள்ளால புகுந்து முடிவ மாத்தப் பாக்குதெண்டு ஒரு கதை அடிபடுது. சந்தேகமா ஏதும் கண்டா உடன அறிவியுங்க.” எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதினேன். ‘வெளிநாட்டுச் சக்தி’ என்று எழுதும்போது என் அண்ணனின் முகம், மொட்டைத் தலையில் கம்பளித் தொப்பியோடு, கொப்பிக்குள் வந்து நின்றது.

மகளிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எங்கள் ஊரில் போர் நடந்த வருடங்களில் வளர்த்த பழக்கம் அது. தெரியாததை யாராலும் உன்னிடமிருந்து எடுக்க முடியாது. பிள்ளை எங்கே போனது, யாரோடு பேசியது என்று தெரிந்துவிட்டால், யாராவது கேட்கும்போது முகம் சொல்லிவிடும். கணவரிடமும் சொல்லவில்லை. அவருடைய முகம் என்னுடையதைவிட மோசம்.

அதற்குப் பதிலாக நான் கணக்கால் யோசித்தேன். அவள் சொன்ன தொண்ணூறு, நான் கண்ணாடிக்குள்ளால் எண்ணிய இருபது, ஆக ஒரு பக்கம் நூற்றுப் பத்து கூடிவிட்டது என்றால், மறுபக்கம் நூற்றுப் பத்து கூட்டினால் சமன். குற்றமே நடக்காத மாதிரி. மகள் தையல் வகுப்புக்குப் போயிருந்த நேரம் பார்த்து நெற் கபேக்குப் போனேன். கடைக்காரர் எழுந்து நின்றார். அவருடைய மகன் என்னிடம் படித்தவன்.

“என்ன டீச்சர், அண்ணனோட முகம் பாத்துக் கதைக்கவா?”

“இல்ல. ஒரு சின்ன வேல.”

“நான் வந்து காட்டித்தரட்டா?”

“வேணாம். நீங்க அங்கால பாத்துக்கொண்டு நில்லுங்க.”

அவர் அங்கால பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தடவை போட்டதும், ‘நீங்கள் ஏற்கெனவே வாக்களித்துவிட்டீர்கள்’ என்று வந்தது. கையும் மெய்யுமாகப் பிடிபட்டவள் போல எழுந்தேன். அடுத்த கம்பியூட்டருக்கு மாறினேன். எட்டும் முடிந்ததும் கடைக்காரர் அங்கால பார்த்தபடியே, “டீச்சர், கம்பியூட்டர நிப்பாட்டிப்போட்டுத் திருப்பிப் போட்டா சில நேரம் வோட்ட எடுக்கும்” என்றார். அப்படி இன்னும் மூன்று. மொத்தம் பதினொன்றோடு எனக்குத் தலை சுற்றியது. வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

அன்று பின்னேரமே அண்ணன் எடுத்தார்.

“தங்கச்சி, மகளக் கூப்பிடு. அவசரம்.”

“என்ன அண்ணன்?”

“எங்கட இடத்துக்குள்ள ஆரோ புகுந்திட்டாங்க. மட்டக்களப்புல இருந்தே மற்றவருக்கு வோட்டு விழுகுது. பத்துப் பதினொண்டு. ஒழுங்காப் பயிற்சி எடுத்த ஆளாத்தான் இருக்கோணும்.”

நான் தொலைபேசியை மகளிடம் கொடுத்துவிட்டுப் போய் முகம் கழுவினேன். அந்த மர்ம எதிரியை முறியடிக்க மகள் அடுத்த நான்கு நாட்களில் இன்னும் நூற்றேழு வாக்குகள் போட்டாள். மொத்தம் இருநூற்றுப் பதினேழு என்று அவள் மாமாவிடம் சொன்னது அடுப்படிக்குக் கேட்டது. அந்த நூற்றேழுக்கும் காரணம் நான்.

தேர்தலுக்கு முதல் நாளே கடமைக்குப் போகிறவர்கள் பெட்டியோடு சாவடிக்குப் போய்விட வேண்டும். ஒரு பகலும் இரவும் நான் வீட்டில் இருக்க மாட்டேன். அந்த நேரம் பார்த்து அவர்கள் வந்தால்?

எங்கள் பக்கத்துத் தாய்மாருக்குப் பிள்ளையை ஒளிப்பது சொல்லித்தர வேண்டிய வேலை இல்லை. பிள்ளைகளைக் கொண்டுபோகிறவர்கள் வந்த காலங்களில் நாங்கள் எல்லோரும் அதைச் செய்தோம். வந்தவர்கள் மாறினார்கள், வாகனத்தின் நிறம் மாறியது, நாங்கள் செய்தது மாறவில்லை. சொந்தக்காரர் வீட்டில், ஊருக்கு உள்ளே, வயல் பக்கமாக. கணவரின் தங்கை, என் மச்சாள், செங்கலடிக்கு அப்பால் வட்டைக்குள் இருக்கிறார். சுற்றிவர வயல், ஒரேயொரு பாதை. மச்சாளுக்குக் காய்ச்சல் என்று மகளிடம் ஒரு பொய் சொன்னேன்.

“ரெண்டு நாள் போய் நிண்டு மாமிக்குக் கஞ்சி வச்சுக் குடு, மகள்.”

“அம்மா, எனக்கு வோட்டு இருக்கு.”

“அண்டைக்குக் காலையில பஸ் ஏறி வா. ஆரு வேணாமெண்டது?”

நானே கூட்டிக்கொண்டு போய் விட்டேன். அங்கே அவள் உடுப்பை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது பையிலிருந்து அவளுடைய அடையாள அட்டையை எடுத்து என் கைப்பைக்குள் வைத்தேன். அட்டை இல்லாமல் பஸ் ஏற மாட்டாள், சோதனைச் சாவடி இருக்கிறது. மச்சாளைத் தனியாகக் கூப்பிட்டு, “நான் வருமட்டும் புள்ளய ஆரோடயும் விடாத. அவள்ற அப்பா வந்து நிண்டாலும் விடாத” என்றேன். மச்சாள் ஏன் என்று கேட்கவில்லை. அவரும் பிள்ளை ஒளித்தவர்தான். தலையை ஆட்டிவிட்டு உடனே இருமத் தொடங்கினார், காய்ச்சலுக்குப் பொருத்தமாக.

என்னைக் காத்தான்குடிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தார்கள். சாவடிக்குத் தலைமை அலுவலர் அந்த ஊரிலேயே அதிபராக இருந்த ஒருவர். மெல்லிய ஆள், எதற்கும் அவசரப்படாதவர். எனக்கு மை பூசுகிற வேலை. வருகிறவரின் இடது கையைப் பிடித்து, கடைசியில் இருக்கிற சின்னி விரலில் ஒரு கோடு. காலை ஏழு மணியிலிருந்து விரல், விரல், விரல். நான் ஒவ்வொரு தடவையும் வாசலைப் பார்த்தேன்.

மத்தியானத்துக்குப் பிறகு, மேலங்கியில் ஏதோ அச்சடித்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் உள்ளே வந்தார். வெளிநாட்டுத் தேர்தல் கண்காணிப்பாளர். மொழிபெயர்ப்புக்கு ஒரு தமிழ்ப் பெண் கூட வந்திருந்தார். வெள்ளைக்காரி கையில் லெப்டொப் இருந்தது.

அவர் எல்லா மேசையிலும் ஒரு கேள்விதான் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் சிரித்த முகத்தோடு என்னிடமும் கேட்டார்: “வெளியார் தலையீடு ஏதும் உங்கட கவனத்துக்கு வந்ததா டீச்சர்?”

“வந்தது” என்றேன்.

பிறகு என் வாயிலிருந்து எல்லாம் வந்தது. சூரிச், நெற் கபே, எட்டுக் கம்பியூட்டர், இருநூற்றுப் பதினேழு. பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, சொல்லிக் கொடுத்தது மாமா, நான் மறுபக்கம் பதினொன்று போட்டுத் திருத்தப் பார்த்தேன், என்னை வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், அவளுக்குக் கம்பஸ் கிடைக்க இருக்கிறது என்றேன். சொல்லிக்கொண்டே போனதில் கையில் பிடித்திருந்தது ஒரு மனிதரின் கை என்பது மறந்துவிட்டது. தொப்பி போட்ட ஒரு பெரியவர்.

“புள்ள,” என்றார் அவர் பணிவாக, “அஞ்சு வெரலும் முடிஞ்சிட்டு. மற்றக் கையயும் தரவா?”

மொழிபெயர்ப்பாளர் வெள்ளைக்காரிக்கு நீளமாக விளக்கினார். வெள்ளைக்காரியின் முகம் முதலில் கடுமையானது, பிறகு சிரிப்பை அடக்குகிற மாதிரி ஆனது. இரண்டு பேரும் குசுகுசுத்தார்கள். மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் குனிந்தார்.

“டீச்சர், ரெண்டு படமும் அடியில பச்சப் பொத்தானும் இருக்கே, அந்த சைற்றா?”

“ஓம்.”

“அதுல நாங்க ரெண்டு பேரும் நேத்து ஹோட்டல்ல இருந்து ஆளுக்கொருக்கா அமத்திப் பாத்தனாங்க. அது சும்மா விளையாட்டு டீச்சர். ஆரிட்டயும் சொல்லிராதீங்க.”

நான் நம்பவில்லை. தலைமை அலுவலர் எழுந்து வந்தார். வாக்குப் பெட்டியைத் தொடாமல், அது இருந்த மேசையைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். குனிந்து மேசைக்குக் கீழேயும் பார்த்தார்.

“டீச்சர், நீங்களும் வந்து பாருங்க. இதுல எங்கயாச்சும் வயர் இரிக்கா?”

“இல்ல சேர்.”

“நெற் கபேல அமத்துனது இதுக்குள்ள எந்த ஓட்டையால வந்து விழும்?”

“கம்பியூட்டர்ல ஏத்தும்போது…”

“கம்பியூட்டர்ல ஏத்துறது இதுக்குள்ள கெடக்கிற கடதாசிய எண்ணித்தான். கடதாசி இல்லாட்டி ஒண்டுமில்ல.” பிறகு எந்த உள்நோக்கமும் இல்லாமல் கேட்டார்: “அது சரி, மகள் இண்டைக்கு வோட்டுப் போட்டுட்டாவா?”

நான் கைப்பையைப் பார்த்தேன். சுவரில் இருந்த மணிக்கூட்டில் இரண்டு மணி பத்து நிமிடம். நான்கு மணிக்கு எல்லாச் சாவடியும் பூட்டப்படும்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மை மேசைக்கு வேறொருவரை இருத்தினார். “வெளியில போய் ஒரு கோல் எடுத்துப்போட்டு வாங்க. கெதியா.”

வாசலுக்கு வெளியே நின்று கணவரைக் கூப்பிட்டேன். ஒரு மாதக் கதையை ஒரு நிமிடத்தில் சொன்னேன். “அப்ப என்ர தங்கச்சிக்குக் காய்ச்சல் இல்லையா?” என்றார். காலையில் அவர் அதற்காகக் கோயிலில் ஓர் அர்ச்சனை செய்திருந்தார்.

பழைய சாலி மோட்டார் சைக்கிளில் அவர் காத்தான்குடிக்கு வந்து அட்டையை வாங்கியபோது இரண்டரை தாண்டிவிட்டது. செங்கலடி போய், மகளை ஏற்றிக்கொண்டு, புளியந்தீவில் எங்கள் சாவடிக்கு நான்குக்கு முதல் வர வேண்டும். நான் மனதுக்குள் தூரத்தை வேகத்தால் வகுத்துக்கொண்டு மை பூசினேன். கணக்குப்படி பத்து நிமிடம் மிஞ்சியது. சாவடிக்குள் தொலைபேசி எடுக்கக் கூடாது. அதை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் மறுபடியும் உள்ளே வர வேண்டியிருந்தது.

கணக்கில் நான் என் மச்சாளைச் சேர்க்கவில்லை.

பிறகு கணவர் சொன்னது இது. அவர் போய் நின்றதும் மச்சாள் வாசல் கதவைச் சாத்திவிட்டு, யன்னலால் பேசினார்.

“புள்ள இஞ்ச இல்ல அண்ணன்.”

“அவள்ற செருப்பு வாசல்ல கிடக்கு.”

“அது என்ர.”

“அப்பா, நான் உள்ளதான் இருக்கன்” என்று மகள் நெல் மூட்டை அறைக்குள் இருந்து கத்தினாள்.

“நீ வாய மூடு புள்ள. அண்ணன், மச்சாள் சொன்னவ, நீ வந்தாலும் விட வேணாமெண்டு.”

“உன்ர அந்த மச்சாள்தான் இப்ப என்ன அனுப்பினது.”

“அப்படித்தான் வாற எல்லாரும் சொல்லுவாங்க. மச்சாள எடுத்துத் தா, அவ சொல்லட்டும்.”

என் தொலைபேசி அணைந்திருந்தது. அவர் அடையாள அட்டையை யன்னலில் காட்டினார். மச்சாளுக்கு அது இன்னும் சந்தேகத்தைக் கூட்டியது. பிள்ளையின் அட்டை கையில் இருக்கிறவர்கள்தானே பிள்ளையைக் கேட்டு வருவார்கள். அப்போது என் கணவர் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தங்கையிடம் கோபப்பட்டார். அவர் கோபப்பட்டதைக் கண்டதும் மச்சாளுக்கு யாரோ அவரை மிரட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்பது உறுதியாகிவிட்டது. கடைசியில் மகள் உள்ளே இருந்து அழத் தொடங்கிய பிறகுதான் கதவு திறந்தது. பதினேழு நிமிடம் போய்விட்டது.

எங்கள் சாவடி வாசலுக்கு அவர்கள் வந்தபோது நான்கு மணி ஏழு நிமிடம். வாசல் பூட்டியிருந்தது. உள்ளே பெட்டிக்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்தார்களாம்.

நான் வீட்டுக்கு வந்தபோது மகள் கதிரையில் இருந்தாள். தெருவில் எல்லோருக்கும், பழக்கடை ஆச்சிக்குக்கூட, இடது கைச் சின்னி விரலில் மை இருந்தது. அவளுடைய விரல் சுத்தமாக இருந்தது. தொலைபேசி அடித்தது. அவளே எடுத்து, “அம்மாட்டக் கேளுங்க மாமா” என்று என்னிடம் நீட்டினாள்.

“தங்கச்சி, மகள் சொன்னபடி போட்டாளா?”

“அவள் போடல்ல அண்ணன்.”

“ஏன்?”

“நான் விடல்ல.”

“அப்ப மட்டக்களப்புல இருந்து மற்றவருக்குப் போட்ட அந்தப் பதினொண்டும்…”

“ஓம். அதுவும் நான்தான்.”

அண்ணன் தொலைபேசியை வைத்துவிட்டார். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்த ஆள் நீங்களா?” என்றாள். அவளுக்கு வாய் கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். சிரித்து முடிந்ததும் மறுபடியும் கோபம் வந்து, எழுந்து போய்விட்டாள். மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்தத் தேர்தலில் யார் எதற்குள் புகுந்தார்கள், யார் எதை மாற்றினார்கள் என்று பெரியவர்கள் எவ்வளவோ பேசினார்கள். எனக்கு நிச்சயமாகத் தெரிந்த தலையீடு ஒன்றுதான். ஒரு வாக்கு. தடுத்தது நான்.

சில மாதங்களில் பாராளுமன்றத் தேர்தல் வந்தது. அந்த முறை எனக்குக் கடமை போடவில்லை. ஒரு கிழமைக்கு முதலே அவளுடைய அட்டையை மேசையில் எடுத்து வைத்தேன். அண்ணன் எடுத்தபோது, “அவளிட்ட ஒண்டும் சொல்லாதீங்க அண்ணன்” என்றேன். அவருக்கு அப்படிச் சொன்னது எனக்கே புதிதாக இருந்தது.

காலையில் அவளோடு சாவடி வரை நடந்தேன். உள்ளே வர வேண்டாம் என்றாள். நான் தெருவின் மறுபக்கத்தில், மதில் நிழலில் நின்றேன். அவள் வாசலால் உள்ளே போய் மறைந்தாள். நான் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். எத்தனை என்று இப்போது நினைவில்லை, ஆனால் ஆறு மணி நேரம் ஆகவில்லை என்பது நிச்சயம்.

வெளியே வந்தாள். விரலைக் காட்டவில்லை. யாருக்குப் போட்டாய் என்று கேட்கக் கூடாது என்று வழி முழுக்க வாயைக் கடித்துக்கொண்டு வந்திருந்தேன். கேட்கவில்லை.

“சரியா மடிச்சுப் போட்டியா?” என்று மட்டும் கேட்டேன்.

“ஓம் அம்மா. நாலா மடிச்சன்.”

“நாலாவா? எனக்குத் தெரிஞ்சு ரெண்டா மடிச்சாக் காணும்.”

“அம்மா,” என்றாள் அவள், “நடங்க.”